கெலிண்டான் உத்தியோகம்

ஏழு பேர் உட்காரும் காடி என்று விளம்பரத்தில் போடுகிறார்கள். ஏழு பேர் ஏறக்கூடிய காடி என்று போட எந்தக் கம்பெனிக்கும் துணிச்சல் வந்ததில்லை. எல்லாரும் உட்கார்ந்த பிறகு எடுத்த படத்தைத்தான் காட்டுவார்கள். மூன்றாவது வரிசையில் இரண்டு பேர் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் எந்த வழியாக அங்கே போனார்கள், யாருடைய காலை மிதித்தார்கள் என்பதெல்லாம் படத்துக்கு வெளியே நடந்த சமாச்சாரம். எங்கள் வீட்டில் அந்தச் சமாச்சாரத்துக்குப் பொறுப்பாளன் நான்.

காடி என் பெயரில் இருக்கிறது. மாதத் தவணையும் என் சம்பளத்தில்தான் போகிறது. ஓட்டுவது மட்டும் மனைவி. நான் ஓட்டினால் வாந்தி வராதவர்களுக்கும் வாந்தி வரும் என்று குடும்பம் கூடிப் பேசி எப்போதோ தீர்ப்பு எழுதிவிட்டது. முன்சீட்டு பெரியம்மாவுக்கு, அதில் பேச்சுக்கே இடமில்லை. மிச்சம் இருந்த பதவி ஒன்றுதான். நடு வரிசைச் சீட்டை மடக்கவேண்டும், ஆட்களைப் பின்னால் அனுப்பவேண்டும், சீட்டை நிமிர்த்தவேண்டும், பூட்டிக்கொண்டதா என்று ஆட்டிப் பார்க்கவேண்டும், கடைசியில் இடம் இருந்தால் தானும் தொற்றிக்கொள்ளவேண்டும். லோரியில் இந்த வேலை பார்ப்பவனைக் கெலிண்டான் என்போம்.

குடும்பத்துக்கு இது புதிய தொழில் கிடையாது. என் தாத்தா, அதாவது பெரியம்மாவின் அப்பா, சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் லோரிக் கெலிண்டானாக இருந்தவர். விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு, முடிந்ததும் பால்மரம் வெட்டும் பெண்கள் வாளியும் கத்தியுமாக வந்து நிற்பார்கள். தாத்தா பின்பலகையின் சங்கிலிக் கொக்கிகளைக் கழற்றிப் பலகையை இறக்குவார். டயரில் ஒரு கால், பலகையில் ஒரு கால் என்று எல்லாரும் ஏறியதும் "கையெடு!" என்று ஒரு சத்தம். பலகையைத் தூக்கி, கொக்கியை மாட்டி, உலுக்கிப் பார்த்து, லோரியின் பக்கத்தில் இரண்டு தட்டு தட்டுவார். லோரி கிளம்பும். இரண்டு தலைமுறை கழித்து, தமிழ்ப்பள்ளி, இடைநிலைப்பள்ளி, டிப்ளோமா எல்லாம் தாண்டி வந்து நானும் அதையேதான் செய்கிறேன். தாத்தாவுக்குத் தோட்டத்தில் சம்பளம் கொடுத்தார்கள்.

பிறகு ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை வைத்தார்கள். பல இடங்களில் செம்பனையையும் வெட்டிவிட்டுத் தாமான் என்று குடியிருப்பு கட்டினார்கள். லயத்து வீட்டுச் சனம் ஈப்போவுக்கும் அதைத் தாண்டியும் சிதறியது. சிதறிய குடும்பத்தைக் கல்யாணம், கருமாதி, தைப்பூசம் என்று திரும்பத் திரும்பக் கூட்டிச் சேர்க்க ஒரு காடி தேவைப்பட்டது. 1985-இல் புரோட்டோன் சாகா வந்தது. அதில் ஐந்து பேர் உட்காரலாம் என்பது தொழிற்சாலையின் அபிப்பிராயம். எங்கள் அபிப்பிராயம் வேறாக இருந்தது. மடி என்று ஒன்று எதற்கு இருக்கிறது? மடிமேல் பிள்ளை, பிள்ளை மடியில் தாம்பாளம், தாம்பாளத்தில் வாழைப்பழம். 1994-இல் ஜப்பானில் ஹோண்டா ஒடிஸ்ஸி வந்தது; மூன்றாவது வரிசைச் சீட்டே மடங்கித் தரைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். அதே ஆண்டு நம் ஊரில் கஞ்சில் வந்தது. 660 சிசி. நாங்கள் ஏறினால் அதில் ஒளிந்துகொண்டது இஞ்சின்தான்.

இந்தப் பொற்காலம் 2009 ஜனவரி 1-ஆம் தேதி முடிந்தது. பின்சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போடவேண்டும் என்று சட்டம் வந்தது. முன்சீட்டுக்கு 1979-லேயே வந்துவிட்ட சட்டம். பின்னால் வந்து சேர முப்பது வருஷம் ஆகியிருக்கிறது. பின்வரிசைக்கு எதுவுமே தாமதமாகத்தான் போய்ச் சேரும் என்பதை என்னைப்போல் அங்கே உட்காருகிறவர்கள் அறிவார்கள். மடிக்கு பெல்ட் கிடையாது என்பதால் மடியில் வந்தவர்களெல்லாம் ஒரே நாளில் உரிமை இழந்தார்கள். அதே ஆண்டில் புரோட்டோன் எக்ஸோரா வந்தது, ஆண்டுக் கடைசியில் பெரோடுவா அல்சாவும் வந்தது. தாமானில் தெருவுக்குத் தெரு ஏழு சீட்டுக் காடிகள் நிற்க ஆரம்பித்தன. இது தற்செயலா இல்லையா என்பது கம்பெனிக்காரர்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம், மடியை நம்பி வாழ்ந்த ஒரு சமுதாயம் லீவரை நம்பி வாழவேண்டியதாயிற்று.

இனி லீவர்.

எங்கள் காடியில் நடு வரிசையின் இடப்பக்கச் சீட்டு இரண்டு கட்டமாக மடங்கும். முதலில் முதுகு முன்னால் சாயும். பிறகு சீட்டு முழுதுமே தரையிலிருந்து கழன்று முன்சீட்டின் முதுகோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். பார்க்க லேசாகத் தெரியும். ஆனால் அந்த லீவரைத் தொடுமுன் பார்க்கவேண்டியது நிறைய இருக்கிறது. கியர் 'பி'யில் இருக்கவேண்டும், ஹேண்ட்பிரேக் இழுத்திருக்கவேண்டும். என் மனைவி அவசரக்காரி. பிரேக்கில் கால் வைத்தபடி "ஏறுங்க, ஏறுங்க" என்பார். அந்த ஒரு பாதத்தை நம்பி நான் ஒருகால் உள்ளே ஒருகால் வெளியே வைக்கத் தயாரில்லை. அதற்காக எனக்குக் கோழை என்று பெயர். அடுத்து, முன்சீட்டைக் கொஞ்சம் முன்னே தள்ளவேண்டும், மடங்கப்போகும் சீட்டின் தலைசாய்ப்பைத் தாழ்த்தவேண்டும், பெல்ட்டை ஓரமாக ஒதுக்கவேண்டும். தலைசாய்ப்பைத் தாழ்த்தாவிட்டால் அது நேரே பெரியம்மாவின் பிடரியைப் போய் விசாரிக்கும். "யாருடா அது?" என்பார், திரும்பாமலே.

ஏறுவது எப்போதும் இடப்பக்கம்தான், நடைபாதை ஓரமாக. நம் ஊரில் வலப்பக்கம் திறந்தால் லாஹாட் ரோட்டில் வரும் மோட்டார்காரன் கதவோடு ஆளையும் கூட்டிக்கொண்டு போவான். நாங்கள் இடப்பக்கம் ஏறுவதற்கு இன்னொரு காரணம் பேரன். 2020 முதல் பிள்ளைகளுக்குத் தனிச் சீட்டு கட்டாயம். மருமகள் ஆசையாக வாங்கி வந்து, இறக்கி ஏற்ற வசதி என்று நடைபாதைப் பக்கமே மாட்டினாள். அந்த நாற்காலியை இரும்புக் கொக்கிகளில் பூட்டிவிட்டால் அதன் கீழே இருக்கும் சீட்டு மடங்காது, மடக்கவும் கூடாது. மூன்றாவது வரிசைக்கு இருந்த ஒரே வாசலில் மூன்று வயதுப் பிரஜை ஒருவன் பிஸ்கட் தின்றபடி உட்கார்ந்திருந்தான். பின்னால் போக வேறு வழி, காடியின் பின்பக்கத்துப் போனெட் கதவு. அதைத் திறந்து நானும் என் மகனும் கட்டிப்பால் மூட்டைகளாக உள்ளே உருண்டோம். தாமான் முழுக்க வேடிக்கை பார்த்தது. மறுநாளே பேரன் வலப்பக்கம், ஓட்டுநருக்குப் பின்னால் குடியேறினான். மூன்றாவது வரிசை உள்ள காடியில் பிள்ளைச் சீட்டை அந்தப் பக்கம்தான் மாட்டவேண்டும் என்று கடைக்காரர் யாரும் சொல்லவில்லை. விற்கிறவர்களுக்குச் சீட்டைத் தெரியும், குடும்பத்தைத் தெரியாதே.

இப்போது முறை இதுதான். பெரியம்மா முதலில். எழுபத்தைந்தைத் தாண்டியவர், பால்மரம் வெட்டி வெட்டி முட்டி தேய்ந்தவர். முன்சீட்டை முழுக்கப் பின்னுக்கு இழுத்துவைத்து, முதலில் உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பினால் சுலபம். சீட்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்துவிட்டால் புடவை வழுக்கிக்கொண்டு உடம்பு தானாகத் திரும்பும். திரும்பியதும் பையை உருவிவிடவேண்டும், இல்லாவிட்டால் பிரேக் போடும்போது ஆளும் வழுக்குவார். இத்தனையும் நான் விளக்கிச் சொன்னேன். "லோரியில ஏறினவ நானு, எனக்கு நீ ஏறச் சொல்லித்தர்றியா?" என்று கேட்டுவிட்டு, வலது காலை முதலில் உள்ளே வைத்து, தலையைக் கூரையில் இடித்து, முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவில் இருக்கும் தூணைப் பிடித்துத் தொங்கினார். அங்கேதான் ஆபத்து. அந்தத் தூணில் முன்னால் ஏறுபவரின் விரல் இருக்கும்போதுதான் பின்கதவை யாராவது ஓங்கி மூடுவார்கள். மருமகள் கதவில் கை வைத்ததைப் பார்த்ததும் என் தொண்டையிலிருந்து தானாக ஒரு சத்தம் வந்தது.

"கையெடு!"

பெரியம்மா கையை எடுத்தார். திரும்பி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அப்பா சத்தம் இன்னும் பெருசா இருக்கும்" என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அதன்பிறகு எங்கள் வீட்டுக் காடிக்கும் ஒரு பெரட்டு உண்டு. சீட்டை நிமிர்த்துமுன் எல்லாரும் இரண்டு கையையும் தூக்கிக் காட்டவேண்டும். மாமியார், மருமகள், பேரன் உட்பட. சீட்டின் கீல் இருக்கும் இடம் பிள்ளைகளின் விரலுக்கென்றே செய்துவைத்த பொறி. கையை எண்ணாமல் நிமிர்த்தக்கூடாது. பேரனுக்கு இது மிகப் பிடித்த விளையாட்டு. காலையும் தூக்கிக் காட்டுவான். மாமியாருக்குப் பிடிக்கவில்லை. கல்யாண மண்டப வாசலில், சம்பந்தி வீட்டார் பார்க்க, பட்டுப்புடவையோடு இரண்டு கையையும் தூக்கி நிற்பது அவருடைய அந்தஸ்துக்கு ஒத்துவரவில்லை.

மாமியாரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஏனென்றால் என் உயிர் அவர் கையில் இருக்கிறது. மூன்றாவது வரிசையில் உட்காருவது மகனும் நானும். அந்த வரிசை பின் சக்கரத்துக்கு மேலேயே இருப்பதால் ரோட்டில் உள்ள எந்தக் குழியும் அங்கே உட்காருபவருக்குத் தெரியாமல் போகாது. கெலிண்டானே கடைசி வரிசைக்குப் போய்விட்டால் சீட்டை நிமிர்த்துவது யார்? அந்தச் சீட்டில் உட்காரப் போகிறவர், அதாவது மாமியார். நான் குனிந்து, முட்டியை மடக்கி, முதலில் தலையையும் பிறகு வயிற்றையும் அனுப்பிவைத்து, கடைசியாகக் கால்களை வரவழைத்துக்கொள்வேன். மேட்டில் நிறுத்தியிருந்தால் மடங்கி நிற்கும் சீட்டு தானே பின்னால் விழப் பார்க்கும். தோட்டத்துப் பாதையெல்லாம் மேடுதான். சில காடிகளில் அதைத் தாங்க ஒரு பட்டைக் கொக்கி இருக்கும், முன்சீட்டுத் தலைசாய்ப்பின் கம்பியில் மாட்டிவிடலாம். எங்கள் காடியில் கொக்கிக்குப் பதிலாக மாமியார் இருக்கிறார். ஒரு கையால் சீட்டைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கைப்பையைப் பிடித்துக்கொண்டு, நான் முழுதாக உள்ளே போவதற்குள் யாருடனாவது பேச ஆரம்பிப்பார்.

"அத்தை, முதல்ல சீட்டை அழுத்துங்க. 'டக்'னு கேக்கும். அதுக்கப்புறம் முதுகை நிமிர்த்துங்க. அதுக்கு ஒரு 'டக்'."

"தெரியும் மாப்பிள்ளை, தெரியும்."

அவர் எப்போதும் முதுகைத்தான் முதலில் நிமிர்த்துவார். ஒரு 'டக்' கேட்கும். அடியில் தரைக்கொக்கி பூட்டியிருக்காது. அப்படியே உட்கார்ந்தும் விடுவார். அவர் உட்கார்ந்த பாரத்தில் சீட்டு அடங்கி, அசையாமல்தான் இருக்கும். முன்னால் எருமையோ மோட்டார்காரனோ குறுக்கே வந்து மனைவி பிரேக்கை மிதிக்கும்வரை பூட்டாத சீட்டும் பூட்டிய சீட்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே நான் பின்னாலிருந்து இரண்டு கையாலும் சீட்டின் முதுகைப் பிடித்து உலுக்குவேன். அது என் கடமை. மேலே உட்கார்ந்திருப்பவர் மனைவியின் தாயார் என்பது சூழ்நிலை.

"மாப்பிள்ளை சீட்டை ஆட்டுறாரு பாரு" என்பார், காடி முழுக்கக் கேட்கும்படி.

பெரியம்மா முன்சீட்டுக் கண்ணாடியில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு வருவார். "ஆட்டட்டும் விடுங்க. எங்கப்பா ஆட்டாம லோரிய எடுக்க விடமாட்டாரு" என்று அவர் சொன்னதிலிருந்து இரண்டு அம்மாக்களுக்கும் நடுவில் கொஞ்சம் பனி விழுகிறது.

ஒருநாள் எத்தனை அழுத்தியும் தரைக்கொக்கி பூட்ட மறுத்தது. செம்மோர் வழியாகப் பழைய ரோட்டில் சுங்கை சிப்புட்டுக்குப் போகிறோம், கந்தான் சுண்ணாம்பு மலை பக்கம் வரும்போது கீழே கடகடவென்று சத்தம். மனைவி காடியை ஓரம்கட்டினார். சீட்டின் ஓரத்தில் ஒரு சின்னச் சிவப்புக் குறி எட்டிப் பார்த்தது. பூட்டாத சீட்டு என்பதற்கு அதுதான் அடையாளம், எல்லாக் காடியிலும் இருக்காது. சீட்டைத் தூக்கி, கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தேன். தரையில் கொக்கி போய் விழும் குழிக்குள் புந்தோங் முறுக்கு ஒரு துண்டு, இரண்டு கச்சான் பருப்பு, ஒரு ஐந்து சென் காசு. புந்தோங்கில் கச்சாங் பூத்தே என்னும் முறுக்கு, பருப்புத் தீனி வாங்கினால் ஈப்போ எல்லையைத் தாண்டுமுன் பொட்டலம் பிரியும். அது எங்கள் குடும்பத்தின் எழுதாத சட்டம். பிரிந்த பொட்டலத்தின் ஒரு பங்கு வருஷக்கணக்காக அந்தக் குழிக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. முறுக்கு நசுங்கி, எண்ணெய் ஊறி, சிமெண்டாக இறுகியிருந்தது. கதவுப் பையில் கிடந்த சாத்தே குச்சியால் நோண்டி எடுத்தேன். நெடுஞ்சாலை ஓரத்தில், வேட்டி கட்டி, சந்தனம் வைத்து, பிட்டத்தை ரோட்டுக்குக் காட்டிக்கொண்டு முறுக்கு தோண்டுபவனைப் பார்த்து இரண்டு லோரிகள் ஹாரன் அடித்தன. கெலிண்டான்கள் சக கெலிண்டானுக்குச் செய்த மரியாதை என்று வைத்துக்கொண்டேன். பேரன் அந்த ஐந்து சென்னைக் கேட்டு அழுதான்.

கடைசி வரிசையில் உட்காருபவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லி வைக்கிறேன். போனெட் கதவைப் பல காடிகளில் கடைசி வரிசையிலிருந்து திறக்க முடியாது. நடுச் சீட்டை மடக்கும் லீவரோ பட்டையோ பின்னாலிருந்தும் கைக்கு எட்டுமா, எங்கே இருக்கிறது என்று வீட்டு வாசலில் நிற்கும்போதே தடவிப் பார்த்துவிடவேண்டும். நான் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பழகினேன். தவறான சமயத்தில் பிடித்து இழுத்ததில் மாமியாரின் முதுகு திடீரென்று ஆதரவை இழந்தது வேறு கதை. காடி அப்போது நின்றுகொண்டுதான் இருந்தது.

மதராசிலிருந்து உறவுக்காரர்கள் வந்தால் பத்து காஜாவுக்குப் போய் கெல்லி கோட்டையைக் காட்டுவோம். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தொரை கட்ட ஆரம்பித்த மாளிகை. மலாயாவிலேயே முதல் மின்தூக்கி அங்கேதான் வர இருந்தது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். 1926-இல் அவர் லிஸ்பனில் இறந்துபோனார். மாளிகை பாதியில் நின்றது. கோபுரத்தில் மின்தூக்கிக்கு விட்ட குழி மட்டும் இருக்கிறது. ஆட்கள் எப்படி ஏறுவார்கள் என்பதை முதலிலேயே யோசித்த மனிதர் என்பதால் எனக்கு அவர்மேல் தனி மரியாதை. பக்கத்திலேயே அவர் காலத்தில் தோட்டத்து ஆட்களுக்காக எழுந்த மாரியம்மன் கோயில். கூரையில் சாமி சிலைகளுக்கு நடுவே வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக ஒரு சிலை நிற்கிறது. தொரைதான் அது என்பார்கள். எல்லாரையும் இறக்கிக் காட்டலாம் என்று நான் லீவரில் கை வைத்தேன். மகன் வெளியே வந்தான், உறவுக்காரர் வந்தார். பெரியம்மா இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, நிமிர்ந்து பார்த்தார்.

"தொரைய அவ்வளவு ஒசரத்துல ஏத்திட்டாங்க. நம்மள இந்தக் காடியில ஏத்தத்தான் இவ்வளவு பாடு" என்றார்.

இதற்கெல்லாம் முடிவு கட்ட வேண்டும் என்று மனைவி சொல்லிக்கொண்டிருக்கிறார். போன மாதம் ஒரு காடிக்கடைக்குப் போனோம். விற்பனைக்கார இளைஞர் ஒரு வண்டியின் பக்கக் கதவை ஒரு விரலால் தொட்டார். அது தானாகப் பின்னால் நகர்ந்தது. நடு வரிசையில் தனித்தனியாக இரண்டே நாற்காலிகள், நடுவில் நடக்க வழி. எதையும் மடக்கவேண்டாம், நிமிர்த்தவேண்டாம், ஆட்டவேண்டாம். மாமியார் கைப்பையோடு உள்ளே நடந்து போய், கடைசி வரிசையில் உட்கார்ந்து, திரும்ப நடந்து வந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் நான் பார்த்ததில்லை. மருமகள் பேரனின் சீட்டு எந்தப் பக்கம் மாட்டலாம் என்று அளந்தாள். பெரியம்மா மட்டும் விலையைக் கேட்டார். இளைஞர் சொன்னார். "தோட்டத்தையே வாங்கிடலாம் போலிருக்கே" என்றார்.

நான் உள்ளே எண்ணிப் பார்த்தேன். முன்னால் இரண்டு, நடுவில் இரண்டு, பின்னால் இரண்டு.

"ஆறுதானே வருது?" என்றேன்.

மனைவி எண்ணினார். மகன் எண்ணினான். மாமியார் எண்ணவில்லை. ஆறு சீட்டு, ஏழு பேர் என்றால் யாரைக் குறைப்பது என்று அங்கேயே பேச்சு நடந்தது. நீண்ட நேரம் நடக்கவில்லை. ஓட்டுநர் வேண்டும். பெரியம்மா வேண்டும். பேரனை விடமுடியாது, பேரன் வந்தால் மருமகள் வரவேண்டும். தாம்பாளங்களை இறக்க மகன் வேண்டும். மாமியார் இல்லாமல் மனைவி காடியை எடுக்கமாட்டார். மடக்குவதற்குச் சீட்டே இல்லாத வண்டியில் கெலிண்டானுக்கு என்ன வேலை என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அத்தனை பேரும் நாகரிகமானவர்கள். நானே முந்திக்கொண்டு, மோட்டாரில் பின்னாலேயே வந்துவிடுகிறேன் என்றேன்.

"ஈப்போவுல சாயங்காலமானா மழைதானே" என்றார் மாமியார், முதல்முறையாக என்மீது அக்கறையோடு. "நல்லதா ஒரு மழைக்கோட்டு வாங்கிக்கங்க மாப்பிள்ளை."